பழைய மாருதி 800 இன்ஜினை வீட்டிலேயே இறக்கப் போறீங்களா? ஸ்பானர் எடுக்கும் முன் இந்த 3 நிறுத்தம்!



இன்னைக்குப் பாடம் எஸ்.ஐ.பி. பத்தியோ வருமான வரி பத்தியோ இல்லை. வீட்டு வாசல்ல கவர் போட்டு நிக்கிற ஒரு பழைய கார் பத்தி. ஆனா கடைசி வரைக்கும் படிங்க. இதுல வர்ற கணக்கு வீடு ரிப்பேர், பைக் ரிப்பேர், பழைய லேப்டாப் எல்லாத்துக்கும் பொருந்தும்.

ஒரு காட்சியைக் கற்பனை பண்ணிக்கோங்க. நீங்க புதுச்சேரி லாஸ்பேட்டையில இருக்கீங்க. சேதராப்பட்டு பக்கம் வேலை, கைக்கு வர்ற சம்பளம் 32,000 ரூபாய். அப்பா 2005-ல வாங்கின மாருதி 800 வாசல்ல நிக்குது. அதுலதான் நீங்க ஸ்கூலுக்குப் போனீங்க, அதுலதான் அக்கா கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனீங்க. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அம்மா அதுக்குச் சந்தனம், குங்குமம் வைக்கிறாங்க. இப்போ இழுவை இல்லை, பின்னாடி நீலமா புகை வருது. மெக்கானிக் எட்டிப் பார்த்துட்டு, "தம்பி, போர் போயிடுச்சு, இன்ஜின் வேலை வரும்"னு சொல்லிட்டாரு.

அன்னைக்கு ராத்திரி நாலு வீடியோ பார்க்கிறீங்க. இன்ஜினை அழகா கழட்டி, கழுவி, பளபளன்னு மாட்டி, ஸ்டார்ட் பண்றாங்க. "நம்மளே பண்ணிடலாம் போலிருக்கே"ன்னு தோணுது.

பண்ணலாம். ஆசை நல்லதுதான். ஆனா 20 நிமிஷ வீடியோவுல தெரியாத ஒரு விஷயம் இருக்கு. இன்ஜினை இறக்குறது இந்த வேலையிலேயே செலவு கம்மியான பகுதி. ரெண்டு நண்பர்களும் ஒரு வாரக்கடைசியும் இருந்தா முடிஞ்சிடும். இறக்கினதுக்கு அப்புறம் உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கிறப்போதான் உண்மையான செலவு ஆரம்பிக்குது. அந்த நேரத்துல கார் பாதி, இன்ஜின் பாதியா கிடக்கும். விக்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது. "இவ்வளவு பண்ணிட்டோம், இதையும் பண்ணிடுவோம்"னு கிரெடிட் கார்டை எடுத்துடுவோம்.

அதனால இன்னைக்குப் பாடம் ஒரே வரி: எங்கே நிறுத்துவோம்னு முடிவு பண்ணிட்டு, அப்புறம் இன்ஜினைத் தொடுங்க.

பஸ்ல போறப்போ நிறுத்தம் இருக்கிற மாதிரி, இந்த வேலையில மூணு நிறுத்தம் வச்சுக்கலாம். ஒவ்வொரு நிறுத்தத்துலயும் இறங்கிக்கலாம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தனியா பணம். அடுத்த நிறுத்தத்துப் பணத்தை இந்த நிறுத்தத்துல தொடக்கூடாது.

## முதல்ல ஒரு கேள்வி: இது ஹாபியா, போக்குவரத்தா?

மாருதி 800-க்கு நம்ம ஊர் மனசுல ஒரு தனி இடம் உண்டு. 1983 டிசம்பர் 14-ம் தேதி இந்திரா காந்தி முதல் காரோட சாவியைக் கொடுத்தாங்க. 2014 ஜனவரியில உற்பத்தி நின்னுச்சு. 30 வருஷம் ஓடின மாடல். 796 சி.சி., மூணு சிலிண்டர். நிறைய குடும்பங்களுக்கு அதுதான் முதல் கார்.

ஆனா பாசத்துக்கு ஒரு பட்ஜெட், பயணத்துக்கு ஒரு பட்ஜெட். ரெண்டையும் ஒரே டப்பாவுல போடாதீங்க.

"ஆபீஸ் போக வண்டி வேணும்"னா இது போக்குவரத்துச் செலவு. அப்போ பஸ், பைக், வேற ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் கார், இதையெல்லாம் பக்கத்துல வச்சு ஒப்பிடணும். எது மலிவோ அதுதான் பதில்.

"அப்பாவோட கார், கத்துக்கணும், ஓட வைக்கணும்"னா இது ஹாபி. ஹாபியில லாபம் கேட்கக் கூடாது. ஆனா உச்சவரம்பு கண்டிப்பா வேணும். கிரிக்கெட் கோச்சிங்குக்குப் பணம் கட்டுற மாதிரிதான் இதுவும். கட்டின பணம் திரும்பாதுன்னு தெரிஞ்சே கட்டுறோம். அதனால கடன் வாங்கிக் கட்ட மாட்டோம்.

உங்க பதிலை ஒரு நோட்டுல எழுதி வையுங்க. ஆறு மாசம் கழிச்சு "ரீசேல் வேல்யூ ஏறும்ல?"னு மனசு பேச்சை மாத்தும். அப்போ அந்த நோட்டு உதவும்.

## நிறுத்தம் 1: இறக்காமலே நோயைக் கண்டுபிடி

இந்த நிறுத்தத்துச் செலவு ரொம்பக் கம்மி. ஆனா மொத்தப் பணத்தையும் காப்பாத்துறது இதுதான்.

அ) ஆர்.சி. பாருங்க. சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும். அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல் 1-லிருந்து காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய் ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய அரசு அறிவிப்புப்படி, 20 வருஷம் தாண்டின காருக்கு அது 10,000 ரூபாய். தாமதமானா ஒவ்வொரு மாசத்துக்கும் 500 ரூபாய் கூடுதல். நம்ம 2005 கார் 20 வருஷத்தைத் தாண்டிடுச்சு. அதனால இந்தச் செலவு கணக்குல முதல் வரியா வரணும். இன்ஜினை ரெடி பண்ணிட்டு ஆர்.சி. காலாவதின்னு கண்டுபிடிக்கிறது, சமையல் முடிச்சுட்டு கேஸ் பில் பார்க்கிற மாதிரி. எம்-பரிவாஹன் ஆப்ல வண்டி எண் போட்டா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

இன்னொரு விஷயம். 50 வருஷம் தாண்டின வண்டிகளுக்கு 2021-லிருந்து வின்டேஜ் பதிவுன்னு தனி முறை இருக்கு. மாருதி 800 எதுவும் இன்னும் அந்த வயசுக்கு வரலை. "வின்டேஜ் ஆயிடும், விலை ஏறும்"னு யாராவது சொன்னா நம்பி முதலீடு பண்ணாதீங்க.

ஆ) புகையைப் படிங்க. நீலப் புகைன்னா இன்ஜின் ஆயில் எரியுது. வெள்ளைப் புகை நிக்காம வந்து, கூலண்டும் குறைஞ்சா, ஹெட் கேஸ்கெட் மேல சந்தேகம். கறுப்புப் புகைன்னா பெட்ரோல் அதிகமா போகுது. ஆயில் மூடியைத் திறந்தா உள்ளே பால் காபி நிறத்துல ஏதாவது ஒட்டியிருக்கா? ஆயில்ல தண்ணி கலந்திருக்கலாம்.

நீலப் புகையிலயும் ஒரு நுணுக்கம் இருக்கு. ராத்திரி முழுக்க நின்னு காலையில ஸ்டார்ட் பண்றப்போ மட்டும் கொஞ்சம் வந்து நின்னுட்டா, வால்வு சீல் தேய்ஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். ஆக்ஸிலேட்டர் அழுத்துறப்பல்லாம் வந்தா, பிஸ்டன் ரிங் அல்லது போர்.

இ) கம்ப்ரெஷன் டெஸ்ட். இதைப் பண்ணாம யாரும் இன்ஜினை இறக்காதீங்க. இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்கி, நிறுத்தி, மூணு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டணும். பெட்ரோல் சப்ளையும் இக்னிஷனும் வேலை செய்யாதபடி துண்டிச்சிடணும். பிளக் ஓட்டையில கேஜை மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தி, சில நொடி ஸ்டார்ட்டரைச் சுத்தணும். மூணு சிலிண்டர், மூணு எண். தெரியாட்டி ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு கூலி கொடுத்துப் பண்ணச் சொல்லுங்க.

உதாரணத்துக்கு, கேஜ்ல 11, 11, 7 வருதுன்னு வச்சுக்கோங்க. மூணாவது சிலிண்டர்ல பிரச்சினை. இப்போ அதுக்குள்ளே ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி டெஸ்ட் பண்ணுங்க. 7 நல்லா ஏறி 10 கிட்ட வந்தா, ரிங்கோ போரோ தேய்ஞ்சிருக்கு. ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமா அடைச்சதாலதான் எண் ஏறுது. 7 அப்படியே நின்னா வால்வு பக்கம் கசிவு. பக்கத்துப் பக்கத்து ரெண்டு சிலிண்டரும் சேர்ந்து குறைஞ்சா, நடுவுல ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

இதுல பணம் எங்கே இருக்குன்னு கேட்கிறீங்களா? வால்வு, வால்வு சீல், ஹெட் கேஸ்கெட், இந்த மூணுக்கும் இன்ஜினை முழுசா இறக்கத் தேவையில்லை. இன்ஜின் கார்லயே இருக்க, மேலே இருக்கிற ஹெட்டை மட்டும் கழட்டி முடிச்சிடலாம். "போர் போயிடுச்சு"ங்கிற ஒரு வார்த்தையை நம்பி மொத்தத்தையும் இறக்கியிருந்தா, தேவையில்லாத செலவு. மூணு எண் உங்க பணத்தைக் காப்பாத்துது.

நிறுத்தம் 1-ல இறங்குறதுன்னா என்ன? டெஸ்ட் நல்லா இருந்தா சின்ன வேலையோட முடிச்சுக்கலாம். பாடியும் அடியும் துருப்பிடிச்சு ஓட்டையா இருந்தா, இன்ஜினுக்குச் செலவு பண்றதையே நிறுத்திடலாம். கடற்கரை ஊர் நம்மளது. உப்புக்காத்து சும்மா விடாது. மிதியடியைத் தூக்கிட்டு தரையை ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டிப் பாருங்க. தகரம் பொத்துன்னு போச்சுன்னா, நல்ல இன்ஜினை மாட்ட இடமே இல்லைன்னு அர்த்தம்.

## கணக்கு: மொத்தத்தையும் ஒரே தாள்ல எழுதுங்க

டெஸ்ட் பண்ணியாச்சு, ரிங், போர் பிரச்சினைதான். இறக்கித்தான் ஆகணும். இப்போ ஒரு தாள் எடுங்க. கீழே இருக்கிற எண்கள் கணக்கு போடுற முறையைக் காட்ட நான் வச்ச உதாரணம் மட்டும்தான். மார்க்கெட் ரேட்னு எடுத்துக்காதீங்க. உங்க ஊர்ல ரெண்டு லேத் கடை, ரெண்டு ஸ்பேர்ஸ் கடையில விசாரிச்சு உங்க எண்ணை எழுதுங்க.

1. தூக்குற சாதனம் வாடகை, இல்லாத டூல்ஸ்: 6,000
2. லேத் வேலை (போர், ஹெட் ஃபேசிங், வால்வு சீட்டிங், தேவைப்பட்டா கிராங்க் கிரைண்டிங்): 14,000
3. பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் செட்: 18,000
4. "இறக்கிட்டோம், இதையும் மாத்திடலாம்" லிஸ்ட் (கிளட்ச், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், மவுண்டிங், ரப்பர் ஹோஸ்): 10,000
5. ஆயில், கூலண்ட், கிளீனிங், சில்லறை: 4,000

கூட்டினா 52,000. அதுக்கு மேல எதிர்பாராததுக்கு 25%, அதாவது 13,000. ஆக 65,000. ஆர்.சி. புதுப்பிப்பு 10,000, இன்ஷூரன்ஸுக்கு ஒரு 5,000. மொத்தம் 80,000.

நாலாவது வரியைக் கவனிங்க. நிறைய பேர் பட்ஜெட் உடையுறது இங்கேதான். அந்த லிஸ்ட் நியாயமான லிஸ்ட்தான். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் எல்லாம் இறக்கினப்பவே மாத்தினா மறுபடி கூலி மிச்சம். இப்போ வர்ற பெட்ரோல்ல 20% எத்தனால் கலக்குறாங்க. அதுக்காக வடிவமைக்காத பழைய வண்டிகள்ல ரப்பர் ஹோஸ், சீல் சீக்கிரம் கெட்டுப்போகலாம். அதனால பெட்ரோல் ஹோஸைப் புதுசா போடுறது பாதுகாப்புச் செலவு. ஆனா அலாய் வீல், புது சீட் கவர், பெயிண்ட்? அதெல்லாம் இந்த லிஸ்ட் இல்லை. அதுக்குத் தனி தாள், தனி வருஷம்.

இன்னொரு உண்மையையும் பாருங்க. இன்ஜின்ல 65,000 போட்டதுக்காக இன்ஷூரன்ஸ்ல கார் மதிப்பு 65,000 ஏறிடாது. அஞ்சு வருஷம் தாண்டின கார்ல அந்த மதிப்பு கம்பெனியும் நீங்களும் பேசி ஒத்துக்கிற தொகை. வாங்க வர்றவரும் வருஷத்தைத்தான் முதல்ல கேட்பார், பில்லை இல்லை. அதனால இதை முதலீடுன்னு சொல்லிக்காதீங்க.

## பணம் எங்கிருந்து?

எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க. வேலை போனாலோ, வீட்டுல யாருக்காவது உடம்புக்கு முடியலைன்னாலோ எடுக்குறதுக்குப் பேர்தான் எமர்ஜென்சி. பிஸ்டன் அதுல வராது.

கிரெடிட் கார்டு? 65,000-ஐ கார்டுல தேய்ச்சுட்டு, மாசம் 5,000 கட்டிக்கலாம்னு நினைக்கிறீங்கன்னு வச்சுக்கோங்க. வட்டி மாசத்துக்கு 3.5%னு எடுத்தா, முதல் மாசம் கட்டுற 5,000-ல 2,275 வட்டிக்கே போயிடும். முடிக்க 18 மாசம் ஆகும். வட்டி மட்டும் சுமார் 23,000. அது மேல ஜி.எஸ்.டி. வேற. ஒரு முழு பிஸ்டன் செட்டுக்கு மேலேயே வட்டிக்குக் கொடுத்திருப்பீங்க.

சரியான வழி, மெதுவான வழி. தனியா ஒரு ஆர்.டி. போடுங்க, பேரு "அப்பா கார்". மாசம் 4,000 போட்டா 20 மாசத்துல 80,000. ரொம்ப நாளா? நல்லதுதான். 20 மாசம் கழிச்சும் ஆசை அப்படியே இருந்தா அது உண்மையான ஆசை. நடுவுல ஆறிப்போனா, கையில 30,000, 40,000 சேமிப்பு இருக்கும். ரெண்டுமே உங்களுக்கு லாபம்.

எல்லாப் பணமும் சேர்ந்த பிறகுதான் இறக்கணுமான்னு கேட்டா, ஆமா. பாதிப் பணத்துல இறக்கினா, இன்ஜின் வெளியே கிடக்கும், நீங்க சம்பளத் தேதிக்காகக் காத்திருப்பீங்க. திறந்து கிடக்கிற சிலிண்டர் சுவர் நம்ம ஊர் ஈரக்காத்துல சில நாள்லயே துருப்பிடிக்க ஆரம்பிக்கும்.

## நிறுத்தம் 2: இறக்குற நாள்

எப்போ? பொங்கல் முடிஞ்சு ஆரம்பிங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வேண்டவே வேண்டாம். நம்ம ஊருக்கு மழை கொட்டுறது வடகிழக்குப் பருவத்துலதான். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தப்போ, ரெயின்போ நகர் மாதிரி தாழ்வான பகுதிகள்ல வீட்டுக்குள்ள வரைக்கும் தண்ணி வந்தது ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி நாள்ல வாசல் தரையில பிரிச்சுப் போட்ட இன்ஜின் இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

எங்கே தூக்குறது? இதை ரொம்ப சீரியஸா சொல்றேன். பழைய டவுன் பக்கம், முத்தியால்பேட்டை பக்கம் இருக்கிற பழைய வீடுகள்ல மரக்கட்டை உத்திரம் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை இருக்கும். தாழ்வாரத்துல நல்ல தேக்குக் கட்டை கண்ணுக்குத் தெரியும். "இதுல செயின் பிளாக் மாட்டிடலாம்"னு தோணும். மாட்டாதீங்க. அந்தக் கட்டை கூரையைத் தாங்கப் போட்டது. சுவருக்குள்ள சொருகியிருக்கிற முனை எத்தனை வருஷமா ஈரத்துலயும் கரையான்லயும் இருக்குன்னு வெளியே தெரியாது. வாடகைக்குக் கிடைக்கிற இன்ஜின் கிரேனோ, எடை அளவு பொறிச்ச இரும்பு ஸ்டாண்டோதான் சரி. சண்டே மார்க்கெட்டுல எதை வேணாலும் பேரம் பேசி வாங்குங்க, ஆனா எடையைத் தாங்குற சங்கிலி, ஜாக், கொக்கி, இதை மட்டும் பழசுல வாங்காதீங்க. ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு கால் எலும்பு உடைஞ்சா, ஆஸ்பத்திரிச் செலவோட சம்பளமில்லா லீவும் சேரும்.

வரிசை இதுதான்:

1. கழட்டுறதுக்கு முன்னாடி எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்க. ஒவ்வொரு ஒயர் கனெக்டர்லயும் ரெண்டு பக்கமும் ஒரே எண் எழுதி டேப் ஒட்டுங்க. நட்டு, போல்ட் எல்லாம் தனித்தனி ஜிப் கவர்ல, பேர் எழுதி. இந்த ஒரு மணி நேரம், திரும்ப மாட்டுறப்போ ரெண்டு ஞாயிற்றுக்கிழமையை மிச்சம் பண்ணும்.
2. துருப்பிடிச்ச நட்டுகளுக்கு, முக்கியமா சைலன்ஸர் பக்கம், ரெண்டு நாள் முன்னாடியே துரு இளக்குற ஸ்பிரே அடிச்சு ஊற விடுங்க. ஆத்திரத்துல ஸ்பானரை அழுத்தினா போல்ட் தலை உடையும். உடைஞ்ச போல்ட்டை எடுக்க லேத்துக்குத் தனி கூலி.
3. இந்த மாடல்ல பெட்ரோல் பிரஷர்ல வருது. பம்ப் ஃபியூஸை எடுத்துட்டு இன்ஜின் தானா நிக்கிற வரை ஓட விடுங்க. அப்புறம் பேட்டரியில நெகட்டிவை முதல்ல கழட்டுங்க. பக்கத்துல பீடி, சிகரெட், சாமி விளக்கு எதுவும் கூடாது. தீயணைப்பான் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும்.
4. இன்ஜின் நல்லா ஆறின பிறகுதான் ரேடியேட்டர் மூடி. கூலண்ட், ஆயில் ரெண்டையும் தனித்தனி கேன்ல பிடிங்க. பழைய ஆயிலை வாய்க்கால்ல ஊத்தாதீங்க. அது ஆபத்தான கழிவு. பழைய ஆயில் சேகரிக்கிற ஒர்க்‌ஷாப்ல கொடுங்க.
5. ஏ.சி. இருந்தா கேஸ் பைப்பை நீங்க கழட்டாதீங்க. அது அழுத்தத்துல இருக்கு, தோல்லயோ கண்ணுலயோ பட்டா உறைஞ்சு புண்ணாகும். கம்ப்ரெஸரைப் பைப்போட ஓரமா கட்டி வைக்க முடியுமான்னு பாருங்க. முடியாட்டி ஏ.சி. மெக்கானிக்கை வச்சு கேஸை எடுத்துடுங்க.
6. பானட், ரேடியேட்டர், ஏர் ஃபில்டர், கேபிள்கள், ஒயரிங், சைலன்ஸர், கியர் லிங்க், டிரைவ் ஷாஃப்ட். இந்தக் கார்ல இன்ஜினும் கியர் பாக்ஸும் குறுக்கா ஒண்ணா உட்கார்ந்திருக்கும். சேர்த்து எடுக்கிறதா, எந்தப் பக்கமா எடுக்கிறதுன்னு உங்க மாடலோட ஒர்க்‌ஷாப் மேனுவல்ல பாருங்க.
7. காருக்கு அடியில போறதா இருந்தா ஜாக்கை மட்டும் நம்பாதீங்க. ஆக்ஸில் ஸ்டாண்ட் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வச்ச பிறகுதான்.
8. எடையை கிரேன் தாங்கின பிறகுதான் மவுண்டிங் போல்ட் கடைசியா. ரெண்டு அங்குலம் தூக்கி நிறுத்துங்க. சுத்தி வந்து பாருங்க. மறந்துபோன எர்த் ஒயர் ஒண்ணு கண்டிப்பா இருக்கும். தொங்குற இன்ஜினுக்கு அடியில கையோ காலோ போகக் கூடாது.

ரெண்டு பேர் துணைக்கு வேணும். அதுல ஒருத்தர் இதை ஏற்கெனவே பண்ணவரா இருக்கட்டும். தெரிஞ்ச மெக்கானிக்குக்கு ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட நிக்கச் சொல்லுங்க. அந்தப் பணம் உங்க ஃபீஸ்னு வச்சுக்கோங்க.

## நிறுத்தம் 3: லேத்ல அளவு வந்த பிறகு

இன்ஜின் பிரிஞ்சாச்சு. இப்போ கை அரிக்கும். ஸ்பேர்ஸ் கடைக்குப் போய் பிஸ்டன் செட் வாங்கணும்னு தோணும். வாங்காதீங்க. பிளாக், கிராங்க், ஹெட் மூணையும் லேத்துக்கு எடுத்துட்டுப் போய் அளவு எடுக்கச் சொல்லுங்க. போர் பெருசாக்கணும்னா பிஸ்டனும் அதுக்கேத்த ஓவர்சைஸ்ல வாங்கணும். கிராங்க் தேய்க்கணும்னா பேரிங்கும் அண்டர்சைஸ். முன்னாடியே சாதா சைஸ் வாங்கி வச்சா, அது அலமாரியிலதான் இருக்கும்.

லேத்காரர்கிட்ட என்னென்ன வேலை, எவ்வளவுன்னு ஒரு தாள்ல எழுதி வாங்குங்க. இப்போ உங்க பழைய தாளை எடுங்க. புது மொத்தம் 80,000-க்குள்ள வருதா? வந்தா போங்க. கிராங்க் விரிசல், பிளாக் சரியில்லைன்னு 1,10,000 ஆகுதுன்னா நிறுத்துங்க.

இந்த இடத்துலதான் மனசு சொல்லும்: "ஏற்கெனவே 15,000 போட்டுட்டேனே!" போன பணம் போனதுதான். நீங்க தொடர்ந்தாலும் திரும்பாது, நிறுத்தினாலும் திரும்பாது. அதனால அதைக் கணக்குல சேர்க்காதீங்க. கேள்வி ஒண்ணே ஒண்ணு: இன்னைக்குக் கையில காசோட, இந்த நிலையில இருக்கிற காரைப் பார்த்தா, மீதி 95,000 போடுவேனா? பதில் இல்லைன்னா இறங்கிடுங்க.

இறங்குறதுக்கும் வழி இருக்கு. பாகங்களோட அப்படியே விக்கலாம். இல்லைன்னா, அரசுல பதிவான ஸ்கிராப் மையத்துல கொடுத்துச் சான்றிதழ் வாங்கலாம். அதை வச்சுப் புது வண்டி வாங்கினா சொந்த வண்டிக்கு சாலை வரியில 25% வரைக்கும் சலுகை தர மத்திய அரசு விதி இடம் கொடுக்குது. உங்க ஆர்.டி.ஓ.வுல இப்போ எவ்வளவுன்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

"செகண்ட் ஹேண்ட் இன்ஜின் ஒண்ணு வாங்கி மாட்டிடலாமே?" மலிவாத் தோணும். ஆனா ஆர்.சி.யில உங்க இன்ஜின் நம்பர் இருக்கு. வேற இன்ஜின் மாட்டினா ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி.யில மாத்தணும். அந்த இன்ஜின் எங்கிருந்து வந்ததுன்னு பில் இல்லாட்டி, திருட்டு வண்டி இன்ஜினா இருந்தா வம்பு உங்க தலையில. சொந்த பிளாக்கையே ரீபில்ட் பண்ணா இந்தத் தலைவலி இல்லை. லேத்ல கொடுக்கிறப்பவும் இன்ஜின் நம்பர் இருக்கிற இடத்தைத் தேய்க்கவே கூடாதுன்னு சொல்லிடுங்க.

கார் பிரிஞ்சு கிடக்கிற மாசங்கள்ல இன்ஷூரன்ஸை விட்டுடாதீங்க. பாலிசி முடிஞ்சு 90 நாளுக்குள்ள புதுப்பிக்காட்டி, நோ கிளைம் போனஸ் போயிடும். திருட்டு, தீ, வெள்ளத்துக்கான கவர் வாசல்ல நிக்கிற காருக்கும் தேவைதான்.

## இந்த வாரம் நீங்க செய்ய வேண்டியது

1. ஹாபியா, போக்குவரத்தா? ஒரு வரியில எழுதுங்க.
2. ஆர்.சி. எந்தத் தேதி வரைக்கும்னு பாருங்க.
3. கம்ப்ரெஷன் டெஸ்ட் பண்ணி மூணு எண்ணையும் குறிச்சு வையுங்க.
4. லேத், ஸ்பேர்ஸ் கடையில விசாரிச்சு உங்க மொத்தத்தைப் போடுங்க. 25% சேருங்க.
5. அந்தத் தொகைக்கு மேல ஒரு ரூபாய் கூட போட மாட்டேன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, வீட்டுல ஒருத்தர்கிட்ட கொடுங்க. அம்மாகிட்ட கொடுத்தா இன்னும் நல்லது.

இதெல்லாம் பண்ணிட்டு அடுத்த வருஷம் தை மாசம் நீங்க அந்த இன்ஜினை இறக்கினா, நல்லா தூங்குவீங்க. ஸ்டார்ட் ஆச்சுன்னா, முதல் ரவுண்டு அப்பாவை முன் சீட்டுல உட்கார வச்சு பீச் ரோடு பக்கம் கூட்டிட்டுப் போங்க. ஸ்டார்ட் ஆகாம நிறுத்தம் 3-ல இறங்கினாலும் பரவாயில்லை. உங்க மேல ஒரு ரூபாய் கடன் இருக்காது. ஒரு இன்ஜின் உள்ளே எப்படி வேலை செய்யுதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

அடுத்த பதிவுல பார்க்கலாம்.